மொரப்பூரில் மிஞ்சிய இட்லிப் பொட்டலம்

இதைச் சிரித்துக்கொண்டே கேளுங்கள், சபையாரே. இப்போது நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் அந்த டிசம்பர் இருபத்திநான்காம் தேதி காலையில், மொரப்பூரில் நின்ற பஸ்ஸுக்குள் என் மடியில் ஒரு இட்லிப் பொட்டலம் மிஞ்சியபோது, என் உயிர் என்னிடம் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. அரூரில் நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எனக்கு நான்கு பிள்ளைகள். டேவிட், எஸ்தர், சாமுவேல், கடைக்குட்டி ரூத். ரூத்துக்கு அப்போது நாலரை வயது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பாப்பாரப்பட்டியில் இருக்கும் என் கணவரின் அண்ணன் வீட்டில் எல்லாரும் கூடுவோம். அரூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். மார்கழிக் குளிரில் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு போகும் அந்தப் பயணம்தான் பிள்ளைகளுக்குப் பாதி கிறிஸ்துமஸ்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகைத் துணியை ஒரே தானில் எடுத்துவிடுவோம். பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குக் கவுன், எல்லாம் ஒரே துணி. அந்த வருடம் சிவப்புக் கட்டம். நான்கு பேரும் வரிசையாக நின்றால் பேண்டு வாத்தியக் கோஷ்டி மாதிரி இருக்கும். என் கணவர் கேலி செய்வார். நான் விடமாட்டேன். கூட்டத்தில் பிள்ளையைத் தேட வேண்டியதில்லை, துணியைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. நாற்பது பிள்ளைகளைத் தினமும் எண்ணுகிற டீச்சர் அல்லவா நான்! எண்ணுவதில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று ஒரு பெருமை எனக்கு இருந்தது.

தைத்தது போக ஒரு துண்டு மிஞ்சியது. பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவின் மகள் லட்சுமிக்கும் ரூத் வயதுதான். அவளுக்கும் ஒரு கவுன் தைத்துக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை அன்று காலை அதையே போட்டுக்கொண்டு, அம்மாவோடு எங்களை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். என் கணவர் முன்னால் மூட்டைகளோடு நின்றார். நான் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால், ஜன்னலில் தொங்கிக்கொண்டு நான்கு சிவப்புக் கட்ட முதுகுகள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சரி என்று திரும்பிக்கொண்டேன். வண்டி கிளம்பும் சமயத்தில் பொன்னம்மா படிக்கட்டில் யாரையோ இறக்கிவிட்டுக்கொண்டு, "போய்ட்டு வாங்க டீச்சரம்மா" என்று கத்தினாள். நானும் கையாட்டினேன். அத்தனை அருமையாக எண்ணியிருந்தேன்!

மொரப்பூரில் வண்டி நின்றது. பசிக்கிறது என்று சாமுவேல் நச்சரித்தான். வாழை இலையில் கட்டி வந்த நான்கு இட்லிப் பொட்டலங்களை எடுத்துப் பின்னால் நீட்டினேன். மூன்று கைகள் வாங்கின. ஒரு பொட்டலம் என் மடியிலேயே இருந்தது.

"இன்னும் யாரு வாங்கல? ரூத், வாடி."

எஸ்தர் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, ரூத் நம்மகூட இல்ல. உங்ககூட முன்னாடி இருக்கான்னு நெனச்சோம்."

"நான் எண்ணினேனேடி! நாலு பேர் இருந்தீங்களே!"

"அது லட்சுமிம்மா. அவுங்கம்மா கூட எறங்கிப் போயிட்டா."

எப்படி இறங்கினோம், மூட்டையை யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் நினைவில்லை. பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. என் கணவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நீ புள்ளைங்கள பாத்துக்கிட்டு இங்கயே இரு. நான் போய்க் கூட்டியாந்துர்றேன்" என்று சொல்லி, அரூர்ப் பக்கம் போன ஒரு புளி லாரியைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். ஓடி ஏறியதில் ஒரு செருப்பு ரோட்டில் விழுந்துவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டீக்கடை ஓரம் மூட்டை மேல் உட்கார்ந்தேன். மனசு என்னென்னவோ நினைத்தது. அரூர் பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டி நிற்கும், திருவண்ணாமலை வண்டி நிற்கும். எந்தப் படியில் ஏறியிருப்பாளோ. எந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாளோ. யார் கையைப் பிடித்துக்கொண்டு போகிறாளோ. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் முதுகை எண்ணினேனே பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். டீக்கடை அம்மா தண்ணீர் கொண்டுவந்து, "அழுவாதம்மா, கெடச்சிரும்" என்றாள்.

பெண்கள் கூட்டத்தில் நான் ஜெபிக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். சிரிக்காதீர்கள், எனக்கும் தெரியும். அன்று காலை வீட்டைப் பூட்டும்போதும், "பிரயாணத்தில் எங்கள் எல்லாரையும் காத்தருளும்" என்று மொத்தமாக ஒரு ஜெபம் செய்திருந்தேன். இப்போது வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. பிள்ளைகள் மூன்றும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றன. நான் கண்ணை மூடி, "ஆண்டவரே, ரூத்து. என் ரூத்து. ரூத்து" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

முக்கால் மணி நேரம் இருக்கும். அரூரிலிருந்து அடுத்த பஸ் வந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு தாடிக்காரர் உடம்பில் பாதியை வெளியே நீட்டி, "சிவப்புக் கட்டம்! அதோ சிவப்புக் கட்டம்! நிறுத்துங்க!" என்று கத்தினார். கண்டக்டர் விசில் ஊத, வண்டி குலுங்கி நின்றது. படியில் முதலில் ஒரு பச்சைப் பலூன் இறங்கியது. அதற்குப் பின்னால் ரூத்.

ஓடிப்போய் வாரி எடுத்தேன். அவள் என் தோளிலிருந்து தலையைத் தூக்கி, முறைத்துக்கொண்டு கேட்டாள். "நீங்க எல்லாரும் எங்கம்மா காணாமப் போனீங்க?"

அழுதுகொண்டிருந்த நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுதேன்.

பலூன்காரரைப் பார்த்து இறங்கிப் போயிருக்கிறாள் மகராசி. எங்கள் வண்டி போனதும் நின்று அழுதிருக்கிறாள். அவளைக் கண்டெடுத்தவர் தர்மபுரியில் லுங்கி வியாபாரம் செய்யும் காசிம் பாய். இறங்கி வந்து விவரம் சொன்னார்.

"உங்கம்மா பேரு என்ன பாப்பான்னு கேட்டா, டீச்சருங்குது. அப்பா பேரு? அப்பாங்குது. எங்க போறீங்கன்னா, கிறிஸ்மசுக்குங்குது. நான் என்னம்மா பண்றது? அப்புறந்தான் முந்தின தர்மபுரி வண்டியில இதே துணி போட்ட புள்ளைங்க ஜன்னல்ல நின்னது ஞாபகம் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு ஆபீசுல சொல்லிட்டு, அடுத்த வண்டியில ஏத்திக்கிட்டு ஒவ்வொரு ஸ்டாப்புலயும் எட்டிப் பாத்துக்கிட்டே வர்றேன்."

நான் கைகூப்பினேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"நானும் உங்க வண்டியிலதாம்மா வர வேண்டியவன். மேல ஏத்துறப்ப மூட்டைக் கயிறு அறுந்துபோச்சு. லுங்கியெல்லாம் தரையில. பொறுக்கிக் கட்டுறதுக்குள்ள வண்டி போயிருச்சு. என்னடா இது இன்னைக்கின்னு ஆண்டவன் மேலயே கோவம். தலையத் தூக்கிப் பாத்தா, பக்கத்துல இந்தப் பாப்பா அழுதுக்கிட்டு நிக்குது."

அதைக் கேட்டதும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். நான் மொரப்பூரில் ஜெபித்தேன். கயிறு அறுந்தது அரூரில், அதற்கும் முந்தி. நான் குறையை உணர்வதற்கு முன்பே, பொட்டலம் மிஞ்சுவதற்கு முன்பே, என் ஆண்டவர் ஒரு மனிதரை என் பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். என் ஜெபத்தின் நீளத்துக்காக அவர் காத்திருக்கவில்லை.

இதற்குள் என் கணவர் புளி லாரியில் எதிர்ப்பக்கம் போய்விட்டார் அல்லவா? இப்போது வீட்டுக்காரரைக் காணோம்! அரூரில் விவரம் தெரிந்து, ஒன்றரை மணி நேரம் கழித்து ஒற்றைக் காலில் செருப்போடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். அழுது நான் பார்த்திராத மனிதர், ரூத்தை மடியில் போட்டுக்கொண்டு அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். ரூத் அவருக்குப் பலூனைக் கொடுத்துத் தேற்றினாள்.

பாப்பாரப்பட்டிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. "எங்க வூட்டுக்கு வர்றதுக்கு ஒரு நாள் பூராவா?" என்று ஓரகத்தி கேட்டாள். கதையைச் சொன்னதும் சமையலறையே சிரித்தது. சிரித்த வாயோடு அவள் ரூத்தை அணைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன். மறுநாள் ஆராதனையில் என் காணிக்கைப் பாட்டு பாதியில் நின்றுவிட்டது. மீதியை எனக்காகச் சபையே பாடியது.

அதற்குப் பிறகு நான் பிள்ளைகளுக்காக மொத்தமாக ஜெபிப்பதில்லை. ஒவ்வொரு பேராகச் சொல்கிறேன். ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன். பள்ளியிலும் அப்படித்தான். ஜெபமும் சுருங்கிவிட்டது, கவனித்திருப்பீர்கள். அடுத்த வருடத்திலிருந்து தர்மபுரியில் வண்டி மாறும்போது காசிம் பாய் வீட்டுக்குப் போகாமல் பாப்பாரப்பட்டிக்குப் போவதில்லை. முறுக்கு டின் அங்கே பாதி காலியாகிவிடும். அவர் மனைவி ரூத்துக்கென்று ரோஜா நிற வளையல் எடுத்து வைத்திருப்பார்.

இன்று கஷ்டத்தோடு இங்கே வந்திருக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, நம்புங்கள். நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்களுக்கான உதவி புறப்பட்டிருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன். என்றைக்காவது உங்கள் கயிறு அறுந்து, மூட்டை சரிந்து, ஏற வேண்டிய பஸ் கண் முன்னால் போய்விட்டால், கோபப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒரு நிமிடம் தலையைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் யார் பிள்ளையாவது அழுதுகொண்டு நிற்கலாம். எங்கேயோ ஒரு தாய் அதன் பேரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருப்பாள்.