கழுத்தை மூடும் நகை

நிச்சயதார்த்தம் முடிந்த மூன்றாவது வாரம், குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே மிளகளவு வெள்ளை. பவுடர் என்று நினைத்துத் துடைத்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சுற்றிலும் தோல் சிவந்ததே தவிர அது அப்படியே இருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா முதலில் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் பார்த்தாள்.

"தேமலா இருக்கும். அப்பாகிட்ட கூடச் சொல்லாத."

எங்கள் ஊர் கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கம். அப்பா வாய்க்கால் தண்ணீரில் கோஸும் தக்காளியும் போடுவார். நான் ஓசூர் சிப்காட்டில் மோட்டார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஆறு வருடமாகத் தரப் பரிசோதனையில் இருந்தேன். மாப்பிள்ளை வீடு எல்லை தாண்டிக் கர்நாடகத்துச் சந்தாபுரத்தில். அங்கேயே ஊன்றிவிட்ட தமிழ்க் குடும்பம்; பாதிப் பேச்சு கன்னடத்தில் நடக்கும். கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது.

ஷிஃப்ட் முடிந்து அம்மாவோடு தோல் டாக்டரிடம் போனேன். அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைக் கழுத்தில் அடித்துப் பார்த்தார்.

"வெண்புள்ளிம்மா. தொத்தாது, உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. களிம்பு தரேன்."

"கல்யாணத்துக்குள்ள போயிடுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"மாசக்கணக்குல ஆகும். ஒண்ணு மட்டும் கவனிங்க. தோல் எங்க உராயுதோ அங்க புதுசா வரலாம். கழுத்துல இறுக்கமா எதையும் போட வேணாம்."

பஸ்ஸில் வரும்போதே போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் அக்கா, எனக்கு அண்ணி ஆகப்போகிறவர், படமாக அனுப்பிக்கொண்டிருந்தார். மேடை முழுக்க வெளிர்நிறத் திரை. காய்ந்த நாணல் கொத்து, வெள்ளை ரோஜா. அதன் நடுவே பிஸ்தா நிறப் பட்டில் ஒரு பெண். அகலக் கழுத்து வைத்த ஜாக்கெட், ஒற்றை வரிக் கல் நெக்லஸ், மற்றபடி கழுத்து வெறுமை. 'இதான் நம்ம தீம். எப்பிடி இருக்கு?' என்று கீழே எழுதியிருந்தார். நான் படத்தைப் பெரிதாக்கி அந்தப் பெண்ணின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருந்தது.

அதற்குப் பதிலாகக் கோயில் தீம் என்ற யோசனை அம்மாவுடையது. கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்த ஒரு பெண்ணின் கல்யாணம் அப்படித்தான் நடந்தது. வாழைமரம், செண்டுமல்லிச் சரம், பித்தளை மணி; பெண்ணுக்குத் தாடைக்குக் கீழிருந்து இடுப்பு வரை நகை. கழுத்தை ஒட்டி அட்டிகை, அதன் கீழே மாங்காய் மாலை, அதற்கும் கீழே காசுமாலை. தோல் கண்ணில் படவே படாது.

அடுத்த ஞாயிறு அலங்காரக்காரரின் கடையில் எல்லோரும் கூடினோம். அண்ணி துணித்துண்டுகளை மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். மாப்பிள்ளை ஓரமாக நின்றார். நான் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தேன்.

"கோயில் மாதிரி வெச்சுக்கலாமா அண்ணி?" என்றேன்.

"அய்யோ, எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. அட்டிகை, காசுமாலைன்னு மாட்டிக்கிட்டு சீரியல்லயா நடிக்கப் போற?" என்று சிரித்தார். "சிம்பிளா ஒரே ஒரு நெக்லஸ் போதும். உனக்கு எவ்ளோ அழகான கழுத்து. அதை ஏன் மூடற?"

அம்மா குறுக்கே வந்தாள்.

"எங்க பக்கம் அட்டிகை இல்லாம பொண்ண மணவறையில உக்கார வெக்க மாட்டாங்க."

பச்சைப் பொய். அம்மாவின் கல்யாணப் போட்டோவில் அவள் கழுத்தில் ஒரு சங்கிலியும் மாலையும்தான் இருக்கும். ஆனால் சடங்கு என்றதும் அண்ணியால் மறுக்க முடியவில்லை. கடைசியில் மேடை அவர் விருப்பம், அட்டிகை எங்கள் விருப்பம் என்று முடிந்தது. அதுவும் மேடை நிறத்துக்கு ஏற்றபடி முத்து வைத்ததாக இருக்க வேண்டும் என்றார்.

மணப்பெண் நகை வாடகைக்குத் தரும் கடை ஒன்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. கடைக்கார அம்மா பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தார். முத்து வைத்த அட்டிகைகள் எல்லாமே ஒல்லியாக இருந்தன. வெள்ளையோ அதற்குள் எட்டணா அளவுக்கு வளர்ந்துவிட்டது.

"துப்பட்டாவ எடும்மா, அப்பதான தெரியும்."

"இல்லீங்க, மேலயே வெச்சுப் பாருங்க" என்றாள் அம்மா.

ஒன்பதாவதோ பத்தாவதோ, ஒன்றின் கொக்கி துப்பட்டாவில் மாட்டி இழுத்துவிட்டது. கடைக்கார அம்மா பார்த்துவிட்டார். உள்ளே போய், நான்கு விரல் அகலத்தில் விறைப்பான ஓர் அட்டிகையை எடுத்து வந்து கண்ணாடிமேல் வைத்தார்.

"இது மூடும்."

அவ்வளவுதான் சொன்னார். அம்மா அங்கேயே முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதை முன்னதாகவே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உட்கார்ந்தால், குனிந்தால், திரும்பினால் வெள்ளை தெரிகிறதா என்று பார்க்க அம்மா தினமும் மாட்டிவிட்டாள். டாக்டர் சொன்னது இருவருக்கும் நினைவிருந்தது. "கொஞ்ச நேரந்தான" என்பாள். ஓரம் உராய்ந்து கழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்தது. இரண்டே வாரத்தில் அந்தக் கோட்டின்மேல் கடுகு கடுகாகப் புதுப் புள்ளிகள் வெளிவந்தன. அட்டிகையின் விளிம்புக்கு வெளியே, காதுக்குக் கீழே வரைக்கும். மூடக் கொண்டுவந்ததே மூட முடியாதபடி செய்துவிட்டது.

அன்று அம்மாவைக் கண்டபடி திட்டினேன். "மேக்கப்புல மறைச்சிடலாம்டி" என்றாள். மேக்கப் போட வருபவள் அண்ணியின் தோழி. எதை எப்படி மறைப்பது?

அந்த நாட்களில் நான் வேண்டிக்கொண்டதை எழுதக் கூசுகிறது. அவர்கள் உறவில் வயதான யாராவது செத்துப்போனால் கல்யாணம் தள்ளிப்போகுமே என்று வேண்டிக்கொண்டேன். அவர்களில் ஒருவரின் முகம்கூடத் தெரியாது. கம்பெனியில் லைன் ஓடிக்கொண்டிருக்கும், என் கை தானாகக் கழுத்துக்குப் போகும். கீறல் விழுந்த பாகங்களைக் கவனிக்காமல் இரண்டு தடவை நல்ல பாகங்களின் பெட்டியில் போட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருந்தபோது, அம்மாவுக்குத் தெரியாமல் மாப்பிள்ளையை வரச் சொன்னேன். பைக்கில் அணைக்கரைக்கு வந்தார். மதகிலிருந்து கழிவுநீர் நுரை எழும்பிக் காற்றில் பறந்து வந்து எங்கள் மேல் ஒட்டியது. பேச்சைத் தேடாமல் துப்பட்டாவை எடுத்துவிட்டேன்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"தொத்துமா?"

"தொத்தாது. டாக்டர் சீட்டு இருக்கு."

"எப்ப இருந்து?"

"நிச்சயத்துக்கு அப்புறந்தான்."

"அப்புறம்தான்னு நான் எப்பிடி நம்பறது?"

அவர் போனை எடுத்து நிச்சயதார்த்தப் படங்களைத் திறந்தார். இரண்டு விரலால் என் கழுத்தைப் பெரிதாக்கினார். அடுத்த படம். அதற்கடுத்த படம். நான் பக்கத்தில் நின்று அவரோடு சேர்ந்து என் கழுத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நிமிடம் போல என் வாழ்க்கையில் வேறு எப்போதும் நான் குறுகியதில்லை.

போனைப் பையில் போட்டார். "கல்யாணம் முடியற வரைக்கும் எங்க வீட்ல யாருக்கும் தெரிய வேணாம். அக்காகிட்ட நான் பேசிக்கறேன். நீ சொன்ன கோயில் தீமே இருக்கட்டும். கழுத்து நிறையப் போட்டுக்க."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் துப்பட்டாவை மறுபடி இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன். ஒரு ஆளிடமாவது மறைக்காமல் இருக்கலாம் என்றுதான் அவரைக் கூப்பிட்டேன். இப்போது மறைக்கிறவர்கள் மூன்று பேர் ஆகிவிட்டோம்.

தம்பிக்கே ஆசை என்றதும் அண்ணி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு அவரே நின்று எல்லாம் செய்தார். மண்டப வாசலில் குலைவாழை, மேடையில் செண்டுமல்லித் தோரணம், வரிசையாக மணி, இரண்டு பக்கமும் ஆளுயரக் குத்துவிளக்கு. எனக்கு அரக்குப் பட்டு. கழுத்துக்கு மட்டும் அம்மா கதவைத் தாளிட்டு அவள் கையாலேயே பூச்சுப் பூசினாள். ஜாக்கெட் கழுத்தை உயர்த்தித் தைத்து, காதிலிருந்து தொங்கும் ஜிமிக்கியும் பூச்சரமும் ஓரத்தை மறைக்கும்படி ஊசி குத்தினாள்.

முகூர்த்தத்தில் ஹோமப் புகையும் வேர்வையும். அட்டிகையின் விறைப்பில் குனிய முடியவில்லை. காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கும்போது முதுகை நேராக வைத்தே மண்டியிட்டேன். தாலி கட்டும்போது அவர் விரல்கள் பின்கழுத்தில் அட்டிகைக் கயிற்றை விலக்காமல் ஜாக்கிரதையாகப் போய் வந்தன. அதன்பிறகு இரண்டு முறை கண்ணாலேயே சைகை காட்டினார், சரிசெய் என்று. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலையிலேயே மாமியார் பார்த்துவிட்டார். தலைக்குக் குளித்துத் துண்டோடு வெளியே வந்தேன். அவர் காபி டம்ளரோடு எதிரே நின்றார்.

"அது என்னது?"

சொன்னேன்.

"எம் பையனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டார். "அவ பயந்துக்கிட்டு மறைச்சா. உனக்கு என்னடா வந்துச்சு? நான் என்ன பேயா, பிசாசா? கல்யாணத்த நிறுத்திடுவேன்னு நெனச்சியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை நிறுத்தியிருப்பாரா, மாட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ. ஒன்றரை மாதம் மகனோடு பேசவில்லை. என்னோடு சோறு, குழம்பு என்கிற அளவில் பேசினார். அம்மா வந்து அழுது மன்னிப்புக் கேட்டபோது எழுந்து உள்ளே போய்விட்டார். உறவுக்காரர் கல்யாணங்களுக்கு என்னைக் கூட்டிப் போகவில்லை.

நான் வேலையை விடவில்லை. சந்தாபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வந்தேன். புள்ளி தோளுக்கு இறங்கியது, பிறகு மணிக்கட்டில் வந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள், ஓசூர் டாக்டரிடம் கிளம்பிக்கொண்டிருந்தபோது, "நானும் வரேன்" என்றார் மாமியார். டாக்டர் முன்னால் உட்கார்ந்து, நான் கேட்க பயந்ததை நேராகக் கேட்டார்.

"பொறக்கற கொழந்தைக்கு வருமா?"

"வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாதும்மா. பெரும்பாலும் வர்றதில்ல."

பஸ்ஸில் திரும்பினோம். அத்திப்பள்ளியில் வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. நல்ல புழுக்கம். நான் வழக்கம்போல முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்தேன். சன்னல் பக்கம் பார்த்தபடியே மாமியார் சொன்னார்:

"அதை எடுத்து விடு. எப்பிடி வேர்க்குது பாரு."

எதிர் சீட்டுப் பெண் பார்ப்பாள் என்று தயங்கினேன். அப்புறம் எடுத்துவிட்டேன். அவள் பார்த்தாள். மாமியார் அவள் பக்கம் திரும்பி, அவள் பார்வையை விலக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.