நூல்நிலையத்தில் ஓய்வு நேரம்

குருபோங் வட்டாரத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கைப்பேசிக்கு அந்தக் காணொளி வந்தது. அனுப்பியவர் என்னோடு வேலை செய்யும் பெண். அவருடைய மகனும் என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில்தான் படிக்கிறான்.

"அண்ணே, இது உங்க பாப்பாதானே? வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டு இருக்கு. உங்களுக்குத் தெரியணும்னுதான் அனுப்புறேன்."

மகள் அப்போது நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே இடது காலில் பலமில்லை. பிளாஸ்டிக் பட்டை மாட்டித்தான் நடப்பாள். காணொளியில், பள்ளி வாசலில் வேனை நோக்கி அவள் போக, பின்னால் மூன்று பிள்ளைகள் அவளைப் போலவே காலை இழுத்து இழுத்து நடக்கிறார்கள். படம் எடுப்பவரின் சிரிப்பில் காட்சி ஆடுகிறது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மாலை மகளிடம் கேட்டேன். "எவ்வளவு நாளா இப்படி?"

"போன வருசத்துலேர்ந்து."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா வேற ஸ்கூலுக்கு மாத்துவீங்க. அங்கயும் இதே காலோடதானப்பா போகணும்."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை கனிவாகத்தான் பேசினார்.

"விளையாட்டுத்தனமா செஞ்சிட்டாங்க லா. கண்டிச்சிட்டேன். இனிமே ஓய்வு நேரத்துல பாப்பா நூல்நிலையத்துல இருக்கட்டும். வேன் வர்ற வரைக்கும் அங்கயே உட்காரட்டும். யாரும் கிட்ட வர மாட்டாங்க."

"தப்பு செஞ்சவங்க திடல்ல, என் பிள்ளை உள்ளயா டீச்சர்?"

அவர் மேசையைப் பார்த்தபடி, "திடல்ல நின்னு பார்த்துக்க ஆள் பத்தலைங்க," என்றார்.

நான் விடவில்லை. அந்த மூன்று பிள்ளைகளின் பெற்றோரையும் வரவழைக்கச் சொன்னேன். ஒரு தாய் அழுதார். ஒரு தகப்பன், "இதுக்குப் போயி எங்களைக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பாதியிலேயே எழுந்து போனார். மூன்றாவது வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஆனாலும் சில வாரங்களில் திடலிலும் வாசலிலும் ஓர் ஆசிரியர் நிற்க ஏற்பாடாகியது. வகுப்பிலும் பேசினார்கள். கேலி நின்றது.

மகள் மட்டும் நூல்நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை.

ஒருநாள் ஓய்வு நேரத்தில் போய்ப் பார்த்தேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். சன்னலுக்கு வெளியே பிள்ளைகள் ஓடும் சத்தம்.

"வெளிய வாம்மா. டீச்சர் நிக்கிறாங்க, யாரும் ஒன்னும் செய்ய மாட்டாங்க."

"தெரியும்ப்பா. இங்க இருந்தா நடக்க வேண்டியதில்ல."

இப்போது ஐந்தாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய ஆசிரியையைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். ஓய்வு நேரத்தில் இன்னும் வெளியே வரவில்லை என்றுதான் சொல்கிறார்.