இரண்டு தூண்களுக்கு நடுவே

நீவெஸுக்கு மனிதர்களைப் பார்த்தாலே குமட்டும். பிறந்தது வெனிஸில், வேலை அங்கேயே ஒரு அரண்மனை அருங்காட்சியகத்தில் காவல். வேறு எப்படி இருக்கும்? உலகமே திரண்டு வந்து, ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் மூஞ்சியைத் தானே படம் பிடித்துக்கொள்வதை நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். எவனோ பளிங்குத் தேவதையின் மடியில் சூயிங்கத்தை ஒட்டிவிட்டுப் போவான். அதைச் சுரண்டும்போது அவள் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது. வீடு திரும்பினால் வாசற்படியில் ஒரு குடும்பமே உட்கார்ந்து பீட்சா தின்றுகொண்டிருக்கும். கதவைத் திறந்தால், "அட, இங்க நெசமாவே ஆள் குடியிருக்கு!" என்று வாயைப் பிளக்கும்.

அந்த வீட்டில் அவளும் தங்கை ஃபோஸ்காவும் பிறந்ததிலிருந்து ஒன்றாக இருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை. சண்டைக்கு மட்டும் குறைவில்லை. மத்தி மீனை வெங்காயமும் காடியும் சேர்த்து ஊறவைக்கையில் உலர்திராட்சை போடலாமா கூடாதா என்பதிலேயே பாதி ஆயுசு போயிற்று. ஒரு நாள் ஃபோஸ்கா, கடலுக்கு அந்தப்பக்கம், கார் ஓடுகிற மெஸ்த்ரேயில் வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

"லிஃப்ட் இருக்குக்கா. வீட்டுக்குள்ள கடல் தண்ணி வராது. கீழயே காய்கறிக் கடை. இங்க நம்ம தெருவுல ஊர் பாக்க வர்றவனுக்கு முகமூடிதான விக்கிறான், அதையா வதக்கித் திங்கறது?"

"போடி போ. கார்ப் புகையை மோந்துகிட்டே கிட."

அன்றிலிருந்து நீவெஸ் பேச்சை நிறுத்தினாள். வெளியாட்கள் வந்து ஊரை நாசம் செய்வது போதாதென்று இவளும் காலி செய்கிறாளே என்ற ஆத்திரம். கிளம்புகிற அன்று காலை ஃபோஸ்கா, "மத்தியானம் தூண்கிட்ட படகுத்துறையில இருப்பேன். வர்றதுன்னா வா," என்றாள். நீவெஸ் கதவை அறைந்து சாத்திவிட்டு வேலைக்குப் போனாள்.

மத்தியான மணி அடித்ததும் மனசு கேட்கவில்லை. கூடப் பிறந்தவளை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அனுப்பினால் சாகிறவரை உறுத்தும். நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

துறைக்கு முன்னால் இரண்டு தூண்கள். ஒன்றின் மேல் சிங்கம், மற்றதன் மேல் புனிதர். பழைய காலத்தில் குற்றவாளிகளைத் தூக்கில் போட்டதும் தலையை வெட்டியதும் அவற்றுக்கு நடுவேதான். அதனால் ஊர்க்காரன் எவனும் நடுவே போக மாட்டான், சுற்றித்தான் போவான். காரணம் கேட்டால் சிரிப்பான். ஆனாலும் போக மாட்டான். அன்றைக்கு ஒரு பக்கம் அரண்மனைச் சீட்டுக்கு நின்ற வரிசை அடைத்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் ஒரு கப்பலே இறங்கினாற்போல் கூட்டம். வியர்வையும் வெயிலுக்குப் பூசிய களிம்பும் கலந்த நாற்றம். நீவெஸ் புகுந்து இடித்தாள்.

"வரிசைல வாங்கம்மா!" என்று எவளோ தள்ளிவிட்டாள்.

நடுவழி மட்டும் காலியாகக் கிடந்தது. ஒருத்தி ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே அதன் வழியாக அசைந்து போனாள். அப்பால் ஃபோஸ்கா நின்றாள். பின்னால் படகில் அவள் கட்டிலும் அலமாரியும்.

"அக்கா! நடுவுல வா! உன் தலையை எவனும் வெட்ட மாட்டான்!"

"நீ வாயேண்டி! இந்த ஊரே வேணாம்னு போறவதான நீ!"

ஃபோஸ்கா விறுவிறுவென்று வந்தாள். தூண் அருகே வந்ததும் தூக்கிய கால் நின்றுவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டாள்.

"முடியலக்கா."

"எனக்கும்தான்டி!"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. பின்பு அழுகை வந்தது. அதற்குள் ஒரு சுற்றுலாக் கும்பல் குடையைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் நடுவே நுழைந்து நின்று, அண்ணாந்து சிங்கத்தைப் படம் எடுக்கத் தொடங்கியது. படகோட்டி கத்தினான். ஃபோஸ்கா எதையோ சொன்னாள். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கும்பல் கலைந்தபோது துறையில் அவள் இல்லை, படகும் இல்லை.

"கொஞ்சம் எங்களை எடுக்கிறீங்களா?" என்று ஒருவன் நீவெஸிடம் கைப்பேசியை நீட்டினான். அவள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்து, "த்தூ" என்றாள்.