தாமதமாக வந்த தட்டு

என் வீட்டுக்காரர் மாரிமுத்து மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பிள்ளைகள் பேசினால் பதில் வராது. எண்பதுகளின் தொடக்கத்தில், கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நம் அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் சிலருக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாக நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் தோட்டத்து லாரி ஓட்டினார். மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்கு இறக்கும் வேலை. விடாமல் மழை பெய்த ஒரு நாள், வளைவில் மண் சரிந்து லாரி பள்ளத்தில் சாய்ந்தது. உயிர் தப்பினார். ஆனால் ஈப்போ ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது இரண்டு ஊன்றுகோல்கள் கொடுத்து அனுப்பினார்கள். அவற்றைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தவர்தான், பிறகு தொடவே இல்லை. வெளியே போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்பதுதான் அவருக்குப் பெரிய வேதனை. பார்க்க வந்த சிநேகிதர்களையும் பேசாமலே திருப்பி அனுப்பினார்.

நான் அப்போது மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் போனால் மாலையில்தான் திரும்ப முடியும். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். அவர் தனியாக இருப்பார்.

ஒரு நாள் பக்கத்து லயத்து வரிசை வீட்டு ராமையா அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் களைமருந்து அடிக்கும் கூட்டத்தில் வேலை செய்பவர்.

“தங்கச்சி, மாரிமுத்து என்கிட்ட மருந்து கேக்குறான். நம்ம வீட்டுல ஏதுடா களைன்னு கேட்டேன். முகத்தத் திருப்பிக்கிட்டான். நல்லா ஏசிட்டு வந்துட்டேன். நீ அவனைத் தனியா விடாதம்மா.”

அன்றிலிருந்து மலையில் நிற்கும்போதெல்லாம் மனம் வீட்டிலேயே இருக்கும். கூடை நிறையாமல் திட்டு வாங்குவேன். திரும்பி வந்து கதவைத் திறக்கும் அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதை நான் யாருக்கும் விளக்க முடியாது. அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்த பிறகுதான் கூடையை இறக்குவேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தில் எல்லாருக்கும் போட்டோ வைத்த பாஸ் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிரிஞ்சாங் டவுனிலிருந்து போட்டோக்காரர் வந்து, ஆபீஸ் சுவரில் வெள்ளைத் துணி கட்டி எல்லாரையும் படம் எடுத்துக்கொண்டு போனார். கோலாலம்பூரிலிருந்து ஒரு மெஷினும் வந்தது. பெயரும் படமும் ஒட்டிய அட்டையை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, மெஷினின் ஒரு முனையில் கொடுக்க வேண்டும். சூடான உருளைகளுக்கு நடுவில் போய், மறுமுனையில் பளபளவென்று வெளியே வரும். எனக்குக் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி என்னை அந்த வேலைக்குப் போட்டார். ஆபீஸ் எங்கள் லயத்துக்குக் கீழேதான். நினைத்த நேரம் வீட்டுக்கு ஓடி ஓர் எட்டு பார்த்துவிட்டு வரலாம். அம்மனே வழி காட்டினாள் என்று நினைத்தேன்.

ஒரு வாரம்கூட நிம்மதி நிலைக்கவில்லை. ஆபீஸில் அலமாரியை நகர்த்தினார்கள். அது மெஷின்மேல் இடித்தது. பாஸ் வந்து விழும் பக்கத்தில் மாட்டியிருந்த தட்டு பிய்ந்து கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது.

ஒரு தட்டுதானே என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பாஸ் வெளியே வரும்போது அப்பளம் மாதிரி இளகி இருக்கும். சமமாகத் தாங்க ஒன்று இல்லாவிட்டால் முனை கீழே வளைந்து உருளைக்குள் திரும்பச் சிக்கிக்கொள்ளும். அட்டை வைத்தோம், சூட்டில் நெளிந்தது. தகரம் வைத்தோம், பாஸ் அதன் விளிம்பில் முட்டி மடிந்தது. நீளமான மெஷின், இந்தப் பக்கம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் ஓடி வாங்குவதற்குள் கெட்டுவிடும். மூன்று நான்கு பேருடைய படங்கள் கருகிப் போயின.

கிராணி கோலாலம்பூருக்குப் போன் போட்டார். மாற்றுத் தட்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

“ஐயா, வாங்கிப் பிடிக்க ஒரு ஆள் குடுங்க. நான் முடிச்சுடுறேன்” என்றேன்.

“கொழுந்து இப்படிக் கொட்டுற நேரத்துல ஆளுக்கு எங்கம்மா போறது? ஒரு வாரம் பாக்குறேன். தட்டு வரலன்னா மெஷினத் திருப்பி அனுப்பிடுறேன். நீ பழையபடி மலைக்கே போயிடும்மா.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. என் வீட்டுக்காரருக்குக் கால் போனது தெரியும், மருந்து கேட்டது தெரியாது. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஆபீஸிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். பூசாரிகூட இன்னும் வரவில்லை. பனி இறங்கி, நின்ற இடத்திலிருந்து அம்மன் முகம் சரியாகத் தெரியவில்லை. நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. “தாயே, காலைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. அந்தத் தட்டை மட்டும் சீக்கிரம் அனுப்பு. நான் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.” இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுதேன். வீட்டுக்கு வந்தேன்.

தட்டு வரவில்லை. சனிக்கிழமை வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. தானா ராத்தா டவுனுக்கு பஸ்ஸில் சாமான் ஏதும் வந்ததா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனேன். இவ்வளவு சின்னதைக்கூடத் தர மாட்டாயா என்று அம்மன்மேல் கோபம் வந்தது.

அன்று மாலை அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அவர் வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வீட்டில் யாராவது ஏதாவது பேச வேண்டுமே என்று நானே பேசிக்கொண்டிருந்தேன். மெஷினைப் பற்றி, தட்டைப் பற்றி, பாஸ் எப்படி வளைந்து சிக்குகிறது என்பதைப் பற்றி.

“எவ்வளவு வேகமா வெளிய வரும்?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவர்தான் கேட்டார்.

“மெதுவாத்தாங்க வரும். எறும்பு ஊர்ற மாதிரி.”

“ரொம்பச் சுடுமா?”

“கை பொறுக்குற சூடுதான்.”

நான் சோற்றைக் கிளறினேன். பிறகு அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “உக்காந்துக்கிட்டே பிடிக்கலாம்தானே?”

“பிடிக்கலாங்க” என்று மட்டும் சொன்னேன். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பிரட்டு கலையும்வரை காத்திருந்தோம். எல்லாரும் மலை ஏறிய பிறகு அவர் ஊன்றுகோலை எடுத்தார். ஈரப் படிகள். பக்கத்தில் நான் குடை பிடித்துக்கொண்டு வந்தேன். கையைப் பிடிக்கப் போனால், “விடு, நானே வரேன்” என்றார். ஆபீஸ் வாசலில் கிராணி எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“ஐயா, தட்டு வர்ற வரைக்கும் நான் பிடிக்கிறேன்” என்றார் என் வீட்டுக்காரர். “சம்பளத்தப் பத்திக் கேக்க வரல.”

“மேனேஜர் துரை பாத்தா என்ன சொல்லுவாரோ...” என்று கிராணி இழுத்தார். பிறகு தன் நாற்காலியையே இழுத்து மெஷினின் மறுமுனையில் போட்டார். “உக்காரு மாரிமுத்து.”

அவர் உட்கார்ந்து, வழவழப்பான ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டார். பாஸ் வெளியே வர வர இரண்டு கையாலும் சமமாக ஏந்தி, பலகையில் படுக்க வைத்து, ஆறும்வரை துணியால் அழுத்தினார். முதல் பாஸ் கண்ணாடி மாதிரி வந்தது. அடுத்து வந்தவற்றிலும் ஒன்றுகூட வளையவில்லை.

அன்று நான் கவனித்தது பாஸை இல்லை, அவர் முகத்தை. வந்த ஒவ்வொரு பாஸிலும் ஒரு முகம். இத்தனை மாதம் அவர் பார்க்க மறுத்த முகங்கள். அவை ஒவ்வொன்றாக அவர் கைக்கே வந்தன. ராமையா அண்ணனின் பாஸ் வந்தபோது அதையே வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் கமலா, இவன் போட்டோக்காரன அடிக்கப் போறவன் மாதிரியே முறைச்சிக்கிட்டு நிக்கிறான்லா” என்றார். சிரித்தார். நான் அந்தச் சிரிப்பை மறந்தே போயிருந்தேன்.

பாஸ் வாங்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் தயங்கி நின்றார்கள். அவரே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். ராமையா அண்ணன் வந்து பாஸை வாங்கிக்கொண்டு, அவர் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார். இரண்டு பேரும் அந்த மருந்துப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

இப்படி வாரங்கள் போயின. ஒரு நாள் மத்தியானம், கோலா தெர்லா ஊருக்குக் காய்கறி ஏற்றப் போகும் லாரி ஆபீஸ் வாசலில் நின்றது. டிரைவர் ஒரு பெட்டியை இறக்கினார். தட்டு வந்துவிட்டது.

நம்புங்கள், அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமே வரவில்லை. எதற்காக அழுது வேண்டினேனோ அதுவே வந்து நிற்கிறது, எனக்கோ வேண்டாம் போல் இருக்கிறது. கிராணி அதை மாட்டினார். பாஸ் ஒன்றைக் கொடுத்தேன். அது தானாக வந்து தட்டில் படுத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். இனி மறுபடியும் அந்தச் சுவர்தானா என்று நான் பதறினேன்.

அவர் வாசல் பக்கம் போகவில்லை. கிராணியின் மேசைக்குப் போனார்.

“ஐயா, கொழுந்து நிறுக்கிற கொட்டகையில ஆள் பத்தலன்னு பேசிக்கிறாங்க. அது நின்னு செய்யணும்னு இல்ல. எனக்குக் குடுங்க. நான் செய்வேன்.”

கிராணி அவரையே பார்த்தார். “நானே கேக்கலாம்னுதான் இருந்தேன். நீ என்ன சொல்லுவியோன்னு பயந்துட்டேன் மாரிமுத்து. துரைகிட்ட நான் பேசுறேன்.”

அடுத்த வாரமே அவர் கொட்டகையில் உட்கார்ந்தார். வேலையை விட்டு ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

அவர் கொட்டகையில் போய் உட்கார்ந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. நான் கேட்டபடி அந்தத் தட்டு மறுநாளே வந்திருந்தால், என் வேலை தப்பியிருக்கும். அவர் படுத்தே இருந்திருப்பார். நான் தட்டைக் கேட்டேன். அம்மன் தட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரை எழுப்பிவிட்டாள். பிறகுதான் அதையும் அனுப்பினாள்.

கேட்டது கிடைக்கவில்லை என்று இங்கே யாராவது மனம் உடைந்து நின்றால், அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளுங்கள், தாயிடம்தானே. ஆனால் கோயிலுக்கு வருவதை விட்டுவிடாதீர்கள். வீட்டில் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அவர்களிடம் பேசுவதையும் விட்டுவிடாதீர்கள். பதில் வராவிட்டாலும் பேசுங்கள்.

அவர் கொட்டகையில் சேர்ந்த பிறகு பிரிஞ்சாங்குக்குப் போய்ப் படம் எடுத்து வந்தோம். வேலையில் இல்லாதவர் என்பதால் அவருக்கு அதுவரை பாஸ் போடவில்லை. அவருடைய பாஸை நான்தான் மெஷினில் கொடுத்தேன். அவர் மறுமுனையில் கை நீட்டாமல் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றார். எறும்பு ஊர்வதுபோல் மெதுவாக முதலில் அவர் பெயர் வந்தது, பிறகு முகம் வந்தது. தட்டில் வந்து விழுந்ததும், ஆறுவதற்குள் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “நேரமாச்சு, கொழுந்து வந்துடும்” என்று கிளம்பிவிட்டார்.