கட்டைக்காலில் வந்த மன்னிப்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. எங்கள் வீட்டு காலிங் பெல் தொடர்ந்து மூன்று முறை அடித்தது. அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்... அந்த நேரத்தில் நல்ல செய்தி எதுவும் வராது.

வாசலில் முதல் மாடி ராஜம் மாமி. கையில் சாவிக்கொத்து.

“அந்த பேண்டை நிறுத்தறேளா, இல்லே செக்ரட்டரி வேலையை நீங்க நிறுத்திக்கறேளா?”

நாங்கள் இருப்பது மந்தைவெளியில் ஒரு சந்து. பன்னிரண்டு வீடுகள், லிஃப்ட் கிடையாது. எதிரே ஒரு விளையாட்டு மைதானம். ஒரு மாதமாக ஞாயிறு காலைகளில் அங்கே ஒரு கோஷ்டி ஒத்திகை பார்க்கிறது. ட்ரம்பெட், டிரம், ஜால்ரா எல்லாம் உண்டு. ஆனால் கல்யாண பேண்டு போல வாசித்துக்கொண்டு நடப்பதோடு நிற்பதில்லை. ஆடுவார்கள், நடிப்பார்கள், வளையத்தை இடுப்பில் சுழற்றுவார்கள். ஒருத்தர் ஒற்றைச் சக்கர சைக்கிளில் சுற்றி வருவார். எனக்கும் கோபம்தான். தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிடுவேன், அவ்வளவுதான்.

மாமியால் அப்படித் தூங்க முடியாது. மாமாவுக்கு மறதி நோய். இரவெல்லாம் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பார். கட்டிய மனைவியை எட்டு மாதமாக “நர்ஸம்மா” என்றுதான் கூப்பிடுகிறார். விடியற்காலை ஐந்து மணிக்குமேல்தான் அசருவார். அப்போதுதான் மாமியும் படுப்பார்.

“வாரத்துல ஒரு நாள்தானேன்னு சொல்லிடாதீங்கோ. எனக்கு ஒரு நாளைக்குக் கெடைக்கறதே அந்த ரெண்டு மணி நேரம்தான். இப்போ பாருங்கோ, எழுந்து உக்காந்துண்டுட்டார். வெளில பூட்டிண்டு ஓடி வந்திருக்கேன்.”

அந்தச் சாவியைப் பார்த்த பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். வழி நெடுக மனதுக்குள் கண்டிப்பான வசனங்கள் தயார் செய்துகொண்டேன். அனுமதி, நியாயம், போலீஸ்... எல்லாம் அதில் இருந்தது.

பதினான்கு பேர் இருந்தார்கள். தலைவி பெயர் ரெஜினா, முப்பத்தைந்து வயது இருக்கலாம். கையில் ட்ரம்பெட். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறவர். நான் வாயைத் திறந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“இன்னா சார், இந்த எடமும் போச்சா? பீச்சுல பண்ணிக்கினு இருந்தோம். மணல்ல கட்டைக்கால் பொதையுது. பார்க்குல வாக்கிங் வர்றவங்க சண்டைக்கு வராங்க. ஒம்பது மணிக்கு எனக்குக் கடை. ஞாயித்துக்கெழமையும் டூட்டி கீது. ரெண்டு வாரத்துல பாண்டி பஜார்ல எங்க மொத ப்ரோக்ராம் சார். எங்கதான் போய் வாசிக்கிறது, சொல்லு?”

என் வசனங்கள் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. மாமியின் கதையைச் சொன்னேன். ரெஜினா ட்ரம்பெட்டைக் கீழே வைத்தார்.

“நாங்க போய் அந்த அம்மா கைல மன்னிப்பு கேக்கறோம்.”

“பெல் அடிச்சா மாமா இன்னும் பதறுவாரும்மா.”

“பெல்லு எதுக்கு?” என்று என் தலைக்கு மேலிருந்து ஒரு குரல். நிமிர்ந்தேன். தேவி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண். காலில் ஆறடிக் கட்டை, கழுத்தில் சைட் டிரம். எங்கள் சந்துப் பக்கம் பார்த்தாள். பால்கனியில் எங்களை முறைத்தபடி மாமி நின்றிருந்தார். டிரம்மைக் கழற்றி ரெஜினாவிடம் இறக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். அவள் வைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் நான் நான்கு எட்டு ஓட வேண்டியிருந்தது.

எங்கள் கட்டடம் பழசு. முதல் மாடி அவ்வளவு உயரமில்லை. தேவியின் முகம் பால்கனிக் கம்பிக்கு நேராக நின்றது. மாமி பின்னால் நகர்ந்தார்.

“யாருடி நீ? முதல்ல கீழ எறங்கு!”

“எறங்கறதுக்குக் கால் மணி நேரம் ஆவும் மாமி. கட்டைய அவுக்கணும். சாரி மாமி, உங்க வீட்ல இப்டின்னு எங்களுக்குத் தெரியாது.”

மாமி பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மாமா வந்துவிட்டார். பனியன், அவிழ்ந்து தொங்கும் வேட்டி. மாமியின் முகம் வெளிறிவிட்டது. முந்தின வாரம்தான் காஸ் சிலிண்டர் போட வந்தவர்மேல் டம்ளரை வீசியிருந்தார் மாமா. புது முகம் எதுவும் ஆகாது அவருக்கு.

மாமா தேவியை உற்றுப் பார்த்தார். பன்னிரண்டடி உயரத்தில் ஒரு பெண் நிற்பதில் அவருக்கு வித்தியாசமாக எதுவுமே படவில்லை.

“வெளில ஏம்மா நிக்கறே? உள்ள வாயேன்.”

“கதவு சின்னது மாமா. என் காலு பெரிசு.”

கம்பி வழியாகக் குனிந்து அவள் காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார்... தோள் குலுங்கச் சிரித்தார். திரும்பி, “ராஜம், இந்தப் பொண்ணுக்குக் காபி கொடு” என்றார்.

ராஜம்!

மாமி நகரவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். “ராஜம், உன்னைத்தான்” என்றார் மாமா மறுபடியும். அதற்குப் பிறகுதான் மாமி அடுப்படிக்கு ஓடினார். கம்பி வழியாக டம்ளர் வந்தது. தேவி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு காபி குடித்தாள். பின்னாலேயே வந்துவிட்ட மற்ற பதிமூன்று பேரும் கீழே வாத்தியத்தோடு அண்ணாந்து நின்றார்கள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் மறுநாள் காலை மாமா பழையபடி “நர்ஸம்மா” என்றுதான் கூப்பிட்டார். மாமியும் புகாரை வாபஸ் வாங்கவில்லை. “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். அதுக்காகத் தூக்கம் வேண்டாம்னு ஆயிடுமா?” என்றார். நியாயம்தானே?

ரெஜினாவே வழி கண்டுபிடித்தார். ஏழரை மணி வரைக்கும் வாத்தியச் சத்தம் கிடையாது. நடை, ஆட்டம், சைக்கிள், வளையம் மட்டும். கடைசி அரை மணிதான் சத்தம். அடுத்த ஞாயிறு என் பால்கனியிலிருந்து பார்த்தேன். ட்ரம்பெட்டை உதட்டில் வைக்கிறார்கள், ஊதவில்லை. குச்சி டிரம்முக்கு ஒரு விரல் மேலே நின்றுவிடுகிறது. தலையசைத்துத் தாளம் எண்ணியபடி பதினான்கு பேர் சத்தமே இல்லாமல் அணிவகுத்தார்கள். ஏழரை மணிக்கு நான் படி இறங்கும்போது மாமி கதவைத் திறந்து பால் பாக்கெட் எடுத்தார். கன்னத்தில் தலையணைக் கோடு!

பாண்டி பஜார் நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை மாலை. தேவி மாமியை அழைத்திருந்தாள். எப்படிப் போவார்? என் மனைவி, “நான் மாமாவைப் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க” என்றாள். மாமி நம்பாமல் இரண்டு முறை கேட்டார். மாத்திரை, ஃபிளாஸ்க், டிவி ரிமோட் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார்.

நடைபாதையில் கல் பெஞ்ச் ஒன்றில் இடம் கிடைத்தது. பேண்டு வந்தது. சிவப்புக் கோட்டு, தங்க நிற ஜரிகை. டிராஃபிக்கில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை ஊர்வலம்தான் கதை. மணப்பெண் பொறுமையிழந்து ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஏறி மாப்பிள்ளையைத் தேடிக் கிளம்பிவிடுகிறாள். சர்ச் வாசலில் கேட்பது போல ஆரம்பித்த மார்ச் மெட்டு, ரெஜினா ஒரு கையைத் தூக்கியதும் சடாரென்று கானா குத்தாக மாறியது. துணிக்கடைப் பைகளோடு வந்த கூட்டம் பைகளோடேயே ஆடியது. நடுவில் பன்னிரண்டடி டிராஃபிக் போலீஸாக தேவி.

“மாமி, தேவியைப் பாருங்க!” என்று திரும்பினேன்.

மாமி தூங்கிக்கொண்டிருந்தார். பத்தடி தூரத்தில் டிரம் அதிர, தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து... அப்படி ஒரு தூக்கம்.

எழுப்பக் கை நீட்டினேன். மேலேயிருந்து தேவி பார்த்துவிட்டாள். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்தாள். எங்கள் பெஞ்சை நோக்கி நகர்ந்துவந்த கூட்டத்தை, நடிப்பை விடாமல், போலீஸ் கையை நீட்டி அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். ஜனங்களும் சிரித்துக்கொண்டே சுற்றிப் போனார்கள்.

நான் நிகழ்ச்சியைப் பாதிதான் பார்த்தேன். மாமியின் தலை பெஞ்சிலிருந்து சரியாமல் பார்த்துக்கொண்டேன். எட்டு மாதம்! பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. மெயின்டனன்ஸ் மீட்டிங் போடுகிறோம், வாட்ஸ்அப்பில் தினமும் குட்மார்னிங் சொல்கிறோம். இரண்டு மணி நேரம் மாமாவோடு உட்கார ஒருத்தருக்கும் தோன்றவில்லையே... எனக்கும்தான்.

இப்போது என் மனைவி ஒரு பட்டியல் போட்டிருக்கிறாள். ஐந்து வீட்டுக்காரர்கள் சம்மதித்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை என் முறை. போன வாரம் போய் உட்கார்ந்ததும் மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க யாரு?”

“அசோசியேஷன் செக்ரட்டரி, மாமா.”

“அப்போ மோட்டார் ஏன் இன்னும் போடலை?”

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாமாவுக்குக் குழப்பமே இல்லை!