ஜீப்புக்கு முன்னால் நின்ற நைனா

எங்கள் வீட்டு ஜீப்பை அண்ணன் ஓட்டத் தொடங்கியபோது அவனுக்குப் பதினாறு வயது. லைசென்ஸ் கிடையாது. எங்கள் நகரிப் பக்கம் ஆந்திராவிலேயே இருக்குமா, மதராஸோடு சேருமா என்று ஊரே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். நைனா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பாவுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. “ஆந்திரா போலீஸ் கேட்டா மதராஸ்னு சொல்லு, மதராஸ் போலீஸ் கேட்டா ஆந்திரான்னு சொல்லு. எவன் புடிக்கறான் பாக்கலாம்” என்று சாவியைத் தூக்கிப் போட்டார். அண்ணன் ஒற்றைக் கையில் பிடித்தான். அவனைவிட இரண்டு வயது சின்னவனான நான் வயிறெரிந்து நின்றேன்.

“மீசை மொளைக்கறதுக்குள்ள வண்டி ஓட்டிக்கினு போறான் பாரு” என்று கடைவீதியில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார் நைனா.

ஒருநாள் திருப்பதியில் வேர்க்கடலை மூட்டைகளை இறக்கிவிட்டு அண்ணன் தனியாகத் திரும்பினான். புத்தூர் தாண்டி ஒரு வளைவில் எதிரே மாட்டுவண்டி. பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறான். ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்தது. மாடுகளுக்கு ஒன்றுமில்லை. ஜீப்புக்குக்கூட முன்கண்ணாடி மட்டும்தான் போனது. எங்களுக்கு அண்ணன் போய்விட்டான். அந்தப் பாழாய்ப்போன ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தினார்கள். அதன்பிறகு அம்மா பின்வாசல் வழியாகவே நடமாடினாள்.

எனக்குப் பதினெட்டு முடிந்ததும் நைனாவே என்னைச் சித்தூருக்கு அழைத்துப்போய், பழகுவதற்கான லைசென்ஸ் வாங்கினார்.

“இருக்கறது ஒண்ணு. அதையும் அதுல ஏத்தணுமா?” என்றாள் அம்மா.

“எங்கயாவது, எவன் வண்டியிலயாவது ஏறத்தான் போறான். எங்கிட்டயே கத்துக்கட்டும்” என்றார்.

அறுப்பு முடிந்த எங்கள் நிலத்தில்தான் பழக்கம். கிளம்பு, நிறுத்து, கிளம்பு, நிறுத்து. வேறு எதுவும் சொல்லித்தரவில்லை. சலித்துப்போய், “ஓட்டவே விடமாட்டியா நைனா?” என்று எரிந்து விழுந்தேன். அவர் இறங்கிப்போய் ஜீப்புக்கு எதிரே தூரத்தில் நின்றார்.

“வா. நான் நவுர மாட்டேன். நீதான் நிறுத்தணும்.”

மெதுவாகத்தான் போனேன். நிறுத்தியபோது அவர் வேட்டி பம்பரில் உரசியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். நான் நிறுத்தினாலும் சரி, நிறுத்தாவிட்டாலும் சரி என்று நின்ற முகம் அது. இறங்கி ஓடி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

“இன்னா பண்ற நீ? இனிமே பக்கத்துல ஒக்காந்தாதான் ஓட்டுவேன். இல்லன்னா இந்தச் சனியனைக் கிணத்துல தள்ளிடுவேன்” என்று அழுதேன்.

மறுநாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சாலைக்கு வந்தோம். வளைவு தெரிந்தாலே அவர் கால், இல்லாத பிரேக்கை மிதிக்கும். புத்தூர் வளைவைக் கடக்கும்போது மட்டும் என் தோள்மேல் கை வைத்துக்கொள்வார்.

சித்தூரில் லைசென்ஸ் பரீட்சை நடந்தது. குறுக்கே ஒரு மாடு வந்தது, நிறுத்தினேன். அதிகாரிக்குத் திருப்தி. பையனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று நைனாவைத் தெலுங்கில் கேட்டார்.

“நேனே சார்” என்றார் நைனா.

நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள், மற்ற பிள்ளைகளுக்கும் நீங்கள்தானா என்று அவர் சிரித்தபடி கேட்டார். அதுவரை தெலுங்கில் பேசிய நைனாவுக்கு அந்தப் பதில் தமிழில்தான் வந்தது.

“இல்ல சார். பெரியவனுக்குச் சாவி மட்டும்தான் குடுத்தேன்.”