தூளிக்கடியில் ஜப்பான் கிதார்

ஒரு தடவைகூட முழுதாகக் கேட்காமலே ஓர் இசைத்தொகுப்பை நான் ஒரு காலத்தில் ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தேன். இப்போது இதைச் சொல்வதற்குக் காரணம் நேர்மை அல்ல. கேட்டுச் சிரிக்கக்கூடிய நண்பர்களெல்லாம் காது டாக்டரைப் பார்க்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள், அந்தத் தைரியம்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் அப்போது ஜீன்ஸ் போட்டவனுக்கெல்லாம் ராக் இசையைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தாக வேண்டும். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த எனக்கு சாம்பாரைப் பற்றி மட்டும்தான் திடமான அபிப்பிராயம் உண்டு. இந்த நிலையில்தான் ஒசாகாவுக்கு வேலையாகப் போய்வந்த சக ஊழியர் ஒருவர், ஜப்பான்காரர்களின் சைகடெலிக் ராக் குழு ஒன்றின் சிடியைப் பரிசாகக் கொடுத்தார். அட்டையில் இடுப்புவரை முடி வளர்த்த சிலர், வயல்வெளியில் எதையோ தொலைத்துவிட்டவர்களைப்போல் நின்றார்கள். உள்ளே மூன்றே பாட்டு. முதல் பாட்டே அரைமணி நேரத்துக்கு மேல். கிதார் ஒரே சுருதியில் 'ர்ர்ர்ம்' என்று உறுமத் தொடங்கும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது, அதற்குள் நிறுத்திவிடுவேன். ஆனால் ஆபீஸ் கேண்டீனில் கண்ணை மூடிக்கொண்டு, "கடைசிப் பாட்டுல ஒரு மௌனம் வருது பாருங்க..." என்பேன். யாரும் மறுத்ததில்லை. அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் மனைவிக்குக் கோலார் தங்கவயல். அவளுடைய அப்பா தங்கக்கல் அரைக்கும் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு மில்லுக்குப் பின்னாலேயே. கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போனபோது, அந்த இரைச்சலில் எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. அலமாரியில் டம்ளர்கள்கூட நடுங்கிக்கொண்டிருந்தன. அவர்களோ மில் நின்றால்தான் விழித்துக்கொள்வார்கள்.

தலைப்பிரசவம் வழக்கப்படி தாய்வீட்டில். மாதக்கணக்கில் அல்சூர் மாடிவீட்டில் தனியாக மெஸ் சாப்பாடு சாப்பிட்டு, உத்தரத்தில் கொக்கி மாட்டி, தூளி கட்டி, அதில் தேங்காய் மூட்டையை வைத்து ஆட்டிச் சோதனையும் செய்து காத்திருந்தேன். நல்ல நாள் பார்த்து மனைவியோடு மகள் வந்து சேர்ந்தாள். வந்த சாயங்காலம் அழ ஆரம்பித்தவள்தான். கிரைப் வாட்டர், வசம்பு, திருஷ்டி, டாக்டர் எதற்கும் மசியவில்லை. "குழந்தைக்கு ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். அப்படியென்றால் எனக்குத்தான் ஏதோ என்று தோன்றியது.

சனிக்கிழமை மாமனார் வந்தார். பேத்தியைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, பாப்பா இப்டி எளச்சிப் போச்சே. இந்த ஊரு அதுக்கு ஒத்துக்கல. காலைல வண்டிக்கு ரெண்டு பேரையும் இட்டுனு போறேன். கொஞ்சம் பெருசாவட்டும், அப்பறம் பாக்கலாம்."

மனைவிக்கு முகமே தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது. போகட்டும் என்று சொல்வதுதான் நியாயம். ஆனால் குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க நான் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். வெறும் தூளி தொங்கும் வீட்டுக்குத் திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து எப்படித் திரும்புவது என்று தெரியவில்லை.

விளக்கு வைத்ததும் மகள் ஆரம்பித்தாள். கீழ்வீட்டில் இருக்கும் கன்னடக்கார ஓனர் ஏற்கெனவே, குழந்தையை அடிக்கிறோமா என்பதை மிக மரியாதையாக விசாரித்திருந்தார். அழுகை அவருக்குக் கேட்கக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தினேன். வீட்டில் இருந்ததிலேயே பெரிய சத்தம் எதுவோ அதைத் தேடி எடுத்தேன். ஒயர் எட்டாததால் ஸ்பீக்கரைத் தூளிக்கு அடியில் தரையிலேயே வைத்து, ஜப்பானைத் திருகிவிட்டேன்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று மனைவி பாய்ந்து வந்தாள். பாதியில் நின்றாள்.

அழுகை நின்றுவிட்டிருந்தது. பயந்துபோய் தூளியை விலக்கிப் பார்த்தேன். மகள் பெரிய கண்களால் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறுக்கியிருந்த கை விரல் விரலாக விரிந்தது. டிரம்ஸ் வந்து சேர்வதற்குள் தூங்கிவிட்டாள். சமையலறை அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுவென்று நடுங்கின.

"எங்க வீடு மாதிரியே இருக்குதுங்க" என்றாள் மனைவி. அங்கேயே சுவரில் சாய்ந்தவள், வாரக்கணக்கில் சேர்ந்திருந்த தூக்கத்தைத் தூங்கத் தொடங்கினாள். நாற்காலியில் மாமனாரும் வாயைத் திறந்தபடி போய்விட்டார்.

கீழேயிருந்து ஓனர் குரல் வந்தது. "சார், மோட்டார் ஆஃப் மாடி! டேங்க் தும்பிரபேகு!" தொட்டி நிரம்பியிருக்கும், மோட்டாரை நிறுத்து என்கிறார்.

பால்கனிக்கு ஓடி, "மோட்டார் இல்ல சார், மியூசிக்" என்று கிசுகிசுத்தேன். அவர் என்னைச் சற்றுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு மொட்டைமாடிக்கு ஏறிப்போய்த் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

தூளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எழுந்து போக முடியாததால், அந்தத் தொகுப்பை முதல்முறையாக முழுதும் கேட்டேன். கடைசிப் பாட்டில் மௌனம் கிடையாது. யாரோ ஒருவர், பக்கத்து அறையில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடாமல் பாடுவதுபோல, மெல்லிய குரலில் பாடிக்கொண்டே போனார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மூன்று பேரின் மூச்சுக்கும் அது சரியாகப் பொருந்தியது. முடிந்ததும், அந்த அமைதியில் யாரும் விழித்துவிடுவதற்குள் அவசரமாக முதலிலிருந்து போட்டேன்.

காலையில் மாமனார் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஆட்டோ வரை கூடப் போனேன். என் கையைப் பிடித்து, "பாப்பா இங்கியே இருக்கட்டும் மாப்ள. நல்லாத் தூங்குது" என்றார். ஆட்டோ கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினார்.

"அந்த மிஷினு பரவால்ல மாப்ள, ஓடட்டும். ஆனா பேரிங்கு போயிருக்குது. கொஞ்சம் கிரீஸ் வெச்சிருங்க."